லுதிவினாவின் வெள்ளிக்கிழமைக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை காலையானால் லுதிவினா வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். இலோய்லோ நகரத்தின் மோலோ பகுதியில், அந்தச் சந்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்தான். எதிரே பாச்சோய் சூப் கடை வைத்திருக்கிற மனாங் பெபிங்குக்கு, அதாவது பெபிங் அக்காவுக்கு, மட்டும் தெரிந்திருந்தால் போதாது. விசாரிக்கவும் வேண்டும்.

"இந்தாய் லூதி, இன்னிக்கும் அந்த எழுத்து வேலைதானா?"

"ஆமா, மனாங். குறிப்பு எழுதணும்."

"யாருக்கு?"

"தலாபா வச்சிருக்கறவங்களுக்கு."

"அவங்க எத்தனை பேரு?"

"தெரியாது."

"எந்த ஊருல இருக்காங்க?"

"அதுவும் தெரியாது."

"நல்ல பொழப்புதான் போ. கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு நான் கிண்ணம் கிண்ணமா சூப்பு ஊத்தி வச்சா என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்துருவாங்க. உன்னை மட்டும் படிச்சவங்கறாங்க."

லுதிவினா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவாள். இந்தாய் என்றால் சின்னப் பெண்ணே என்று அர்த்தம், வயசு எத்தனை ஆனாலும் பெபிங்குக்கு அவள் அப்படித்தான். பெபிங்கின் வாய்க்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் அந்தச் சந்தில் கிடையாது. மேலும், அந்த வாரத்தில் அவள் காதில் நேராக விழுந்த மனிதக் குரல் பல சமயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் கிண்டலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

தலாபா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சிப்பி. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வரிகளைத் தட்டித் திருத்தப் பயன்படுத்தும் எடிட்டர் அது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். அதைச் செய்தவன் எல்மர், கடல் தாண்டித் தெற்கே புத்துவானில் இருக்கிறவன். லுதிவினா ஒரு வரி புரோகிராம்கூட எழுதியதில்லை. அவளுக்கு வந்தது சொற்கள். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் என்னென்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் எழுதுவாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குறிப்பு எழுதி எல்மருக்கு அனுப்புவாள். அவன் அதைச் சேர்த்துவைத்து அடுத்த பதிப்போடு அனுப்புவான். தலாபாவைத் திறந்ததும் வெள்ளைத் திரையின் மேற்பகுதியில், ஒவ்வொரு முறையும் ஒன்று மாற்றி ஒன்றாக, அந்தக் குறிப்புகள் வந்து நிற்கும்.

"ஒரே பெயரைப் பத்து இடத்தில் மாற்ற வேண்டுமா? பத்து தடவை தட்டி விரலைத் தேய்த்துக்கொள்ளாதீர்கள். ஒன்றின்மேல் நின்று மற்றவற்றையும் கூட்டிப் பிடியுங்கள். ஒருமுறை தட்டினால் பத்தும் மாறும்." இப்படி ஒன்று. "திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு கோப்புகளை அருகருகே வைக்கலாம். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருப்பது மாதிரிதான், நடுவில் ஒரு கோடு இருந்தால் சண்டை வராது." இப்படி இன்னொன்று. அவளுக்குக் குழந்தைகள் இல்லை. மாமியாரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் எழுதும்போது அவளுக்கு ஒரு பெரிய குடும்பமே எதிரில் உட்கார்ந்து கேட்பது போலத்தான் இருக்கும்.

சிப்பி என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற எடிட்டர்கள் தங்களை யார் திறக்கிறார்கள், எதை அழுத்துகிறார்கள், எத்தனை நேரம் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் செய்தவர்களுக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கும். தலாபா வாயைத் திறக்காது. வைத்திருப்பவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு எழுத்தைக்கூட வெளியே அனுப்பாது. அதுதான் எல்மரின் சத்தியம், அவளுடைய பெருமையும் அதுதான். ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு விலை இருந்தது. யார் வைத்திருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று இவர்களுக்கும் தெரியாது.

ஏதாவது உடைந்தால் தெரியும். இந்தத் தொழிலில் நன்றாக இருந்தால் யாரும் எழுதுவதில்லை. கெட்டுப்போனால் மட்டும் நாலா திசையிலிருந்தும் கத்துவார்கள். அப்படிக் கத்துகிறவர்களுக்கு அனுப்ப லுதிவினா ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். "முதலில் உங்கள் சொந்த ஏற்பாடுகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தலாபாவை வெறுமையாகத் திறந்து பாருங்கள்." நாள்பட உபயோகிக்கிற ஒவ்வொருவரும் தன் வசதிக்கு அதை ஒரு மாதிரி வளைத்துவைத்திருப்பார்கள். பாதி நோய் அந்த வளைப்பில்தான் இருக்கும். எத்தனையோ பேருக்கு அந்தப் பதிலை அனுப்பியிருக்கிறாள்.

அவளுடைய குறிப்புகளைப் பற்றி யாரும் கத்தியதில்லை. ஆகவே எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கணவன் ரோடெல் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் சில மாதங்கள்தான் வீட்டில் இருப்பான். அவன் தலாபாவை வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. "உன் சிப்பியில முத்து இருக்கா, இல்ல வெறும் மண்ணுதானா?" என்று கேட்பான், அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு, ஏதோ ஒரு குளிர்க் கடலில் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்து இறந்துபோனான். பெட்டி வந்தது. ஒன்பது நாள் ஜபத்துக்குச் சந்தே கூடியது. விடிய விடியச் சீட்டாடினார்கள், சாப்பிட்டார்கள், அழுதார்கள். பத்தாம் நாள் நாற்காலிகளை வாடகைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஃபிரிட்ஜின் உறுமல்தான் சத்தம். வெளிநாட்டுப் பம்பு கம்பெனிக்குக் கையேடு எழுதுவது அவளுடைய சம்பள வேலை. அதற்கும் எல்லாம் மின்னஞ்சல்தான். கடைக்குப் போய் "ஒரு கிலோ அரிசி" என்று கேட்கும்போது தன் குரலே கரகரவென்று அந்நியமாக வருவதைக் கவனித்திருக்கிறாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை தவறியதில்லை. மற்ற நாட்களில் தலை வாராமல் இருந்தாலும் அன்றைக்கு வாரிக்கொள்வாள். யாரோ பார்க்கப்போகிறார்கள் என்பது மாதிரி. அதை நினைத்து அவளே வெட்கப்பட்டதும் உண்டு.

இந்த ஜூன் மாதத்தில் எல்மர் செய்தி அனுப்பினான். அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் தட்டச்சில்தான். அவனுக்கு அவள் நாங், அதாவது அக்கா; அவளுக்கு அவன் தோத்தோ, தம்பி.

"நாங், அடுத்த பதிப்புல கொஞ்சம் எடையைக் குறைக்கலாம்னு இருக்கேன். முகப்புக் குறிப்பை எடுத்துடலாமா? நீங்களும் எவ்வளவு காலந்தான் எழுதுவீங்க. ஓய்வா இருங்களேன்."

"எனக்கு எதுக்கு ஓய்வு? நான் என்ன கல்லா உடைக்கிறேன்?"

"இல்ல, யாராவது படிக்கிறாங்களான்னே தெரியலையே."

"தோத்தோ, நம்ம சட்டம் என்ன?"

சட்டம் இருவருக்கும் தெரியும். தலாபாவில் இருக்கிற எந்த வசதியையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. ஒரே ஒருவர் பயன்படுத்தினாலும் அது இருக்கும். பாகியோவில் ஒரு வாத்தியார் மட்டும் அழுத்துகிற ஒரு வினோதமான விசைச் சேர்க்கையை, அவர் ஒருவருக்காகவே வருஷக்கணக்கில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

"ஒருத்தர் இருந்தாலும் இருக்கட்டும்னு நீதான் எழுதின. நான் ஒரே ஒருத்தரைக் காட்டுறேன். காட்டினா விட்டுடுவியா?"

வெகுநேரம் கழித்து "சரி, நாங்" என்று வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. "ஆனா பொதுவுல கேட்டு எழுதாதீங்க. சங்கடமாயிடும்."

"யாருக்கு?"

பொதுவில் கேட்க அவளுக்கும் மனம் வரவில்லை. அதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

தலாபாவுக்குப் பத்து வயது நிறைகிறது என்று ஹாரோ பகுதியில் ஒரு காப்பிக்கடை மாடியில் சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் தலாபா உபயோகிக்கிறவர்களின் சங்கம் அது. தலைவர் வெண்டெல், கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவர். வருஷா வருஷம் அழைப்பார், லுதிவினா போனதில்லை. இந்தமுறை போனாள். ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஆள் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் தான் என்ன செய்வது என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

எடிட்டருக்கும் பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்தான், நீண்ட ஆயுளுக்கு நீள நூடுல்ஸ் வேண்டும். வெண்டெல் ஒரு பெரிய தட்டு நிறைய பான்சித் கொண்டுவந்திருந்தார். லுதிவினா வாழை இலையில் சுட்ட பிபிங்கா என்ற அரிசி கேக் கொண்டுபோனாள். மாடிப்படியில் அவள் தலை தெரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"மேம் லூதி வந்துட்டாங்க. அந்த மின்விசிறிப் பக்கம் நாற்காலியைப் போடுங்கப்பா" என்றார் வெண்டெல். "இவங்கதான் நம்ம தலாபாவோட குரல். வாரா வாரம் நமக்காக எழுதுறவங்க."

கைதட்டினார்கள். முதல் தட்டு நூடுல்ஸ் அவளுக்குத்தான் வந்தது. இத்தனை வருஷம் ஏன் வராமல் இருந்தோம் என்று அவளுக்கே கோபமாக வந்தது. சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். உங்கள்ல யாரு யாரு குறிப்பைப் படிக்கிறீங்க?"

அத்தனை கையும் மேலே போனது.

"தினமும் படிப்போம், மேம்."

"அதைப் படிச்சாத்தான் வேலையே ஓடும், மேம்."

"என் பெண்டாட்டிக்குக்கூட படிச்சுக் காட்டுவேன், மேம். அவளுக்கு ஒண்ணும் புரியாது, ஆனா சிரிப்பா."

லுதிவினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு ஆள் தேடி வந்த இடத்தில் அறை நிறைய ஆட்கள். அவளும் அந்த ஊர்க்காரிதான். இலோய்லோவில் சண்டைகூடத் தாலாட்டு மாதிரிதான் கேட்கும், பிபிங்கா சுட்டுக்கொண்டு தேடி வந்த பெண்ணிடம் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தன் விஷயத்தில் மட்டும் மறந்துபோயிற்று.

பக்கத்தில் ரோஸ்வின் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்துச் சொச்சம் வயசு, ஏதோ வங்கிக்கு புரோகிராம் எழுதுகிறவள். லுதிவினா அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எது பிடிச்சது, இந்தாய்?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்கும், மேம்."

"அதுல ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

ரோஸ்வின் நூடுல்ஸைக் கிளறினாள். "அது... அந்த... காப்பாத்தி வைக்கிறதைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அது."

"காப்பாத்தி வைக்கிறதைப் பத்தி நிறைய எழுதியிருக்கேனே. எது?"

"லேப்டாப்பைத் திறந்தா ஞாபகம் வந்துடும், மேம்" என்று அந்தப் பெண் நல்ல மனசோடு தன் லேப்டாப்பை மேசைமேல் வைத்துத் தலாபாவைத் திறந்தாள்.

வெள்ளைத் திரை வந்தது. மேலே ஒன்றும் இல்லை. ஓரத்தில் கோடு மட்டும் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

லுதிவினா இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிறகு பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நீ ஏதோ மாத்தி வச்சிருக்க, இந்தாய். உன் ஏற்பாட்டையெல்லாம் ஒதுக்கிட்டு வெறுமையா திறந்து பாரு."

"இது வெறுமைதான், மேம். புது லேப்டாப்பு. இந்த வாரம்தான் போட்டேன், இன்னும் எதையும் தொடலை."

அடுத்தவர் திறந்தார். வெள்ளை. வெண்டெல் திறந்தார். வெள்ளை. லுதிவினா தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துத் திறந்தாள். திரையின் தலையில், மாமியாரும் மருமகளும் ஜம்மென்று வந்து நின்றார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஓ, இப்படித்தான் இருக்குமா?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். பக்கத்திலிருந்தவர் அவரை இடித்தார்.

அவள் தன் ஏற்பாடுகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் திறந்தாள். ஊரையெல்லாம் செய்யச் சொன்னதை அவள் தன் கம்ப்யூட்டரில் ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை. லேப்டாப் மாற்றும்போதெல்லாம் பழைய ஏற்பாட்டை அப்படியே தூக்கிப் புதியதில் போட்டுக்கொள்வாள். இப்போது அவள் திரையும் வெள்ளையாக வந்தது.

பிறகு எல்லோருமாக ஆரம்பித்தார்கள்.

"எங்க மெஷினெல்லாம் பழசு, மேம். அதான்."

"இந்தக் கடையில நெட்டு சரியில்ல."

"முன்னாடி வந்துக்கிட்டு இருந்துச்சு, மேம். இன்னிக்குத்தான் ஏதோ மக்கர்."

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவளைக் கேலி செய்திருந்தால்கூட எழுந்து வந்திருப்பாள். இந்தக் கனிவை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து தட்டில் இருந்ததை முழுக்கத் தின்று முடித்தாள். பிறந்தநாள் பாட்டில் கலந்துகொண்டாள். கிளம்பும்போது ரோஸ்வின் மிச்ச நூடுல்ஸை ஒரு டப்பாவில் கட்டிக் கையில் கொடுத்தாள். "வீட்டுல இருக்கறவங்களுக்கு, மேம்" என்றாள். லுதிவினா வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது ஜீப்னி வண்டியில் கதவோரம் இடம் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள். குறிப்பு தெரியாமல் அணைத்துவைத்தது எல்மர்தான், வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. குறிப்பு வர வேண்டும் என்று அவள் எப்போதோ தன் ஏற்பாட்டில் தானே எழுதிவைத்திருந்தாள், அதனால் அவளுக்கு மட்டும் தெரிந்தது. அப்படி எழுதிவைக்காத யாருக்கும் தெரியாது. ஆனால் என்ன மாறினாலும் பட்டியலில் வர வேண்டும். பட்டியலை எழுதுகிறவளே அவள்தான். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை.

எப்போதிருந்து? வெண்டெல் வாய் தவறிச் சொல்லியிருந்தார். "மூணு வருஷமா இப்படித்தான் வெள்ளையா வருது, மேம்."

மூன்று வருஷம் என்றதும் அவள் நினைக்க விரும்பாத அந்தக் குறிப்பு நினைவுக்கு வந்தது. ரோடெல் போய் ஒரு மாதம் கழித்து எழுதியது. "தலாபா திடீரென்று மூடிக்கொண்டால் பயப்படாதீர்கள். கடைசியாகத் தட்டிய எழுத்து வரைக்கும் மீட்டுவிடலாம்" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்திருந்தாள். அதற்குக் கீழே என்ன தோன்றியதோ, இப்படி எழுதிவிட்டாள். "என் கணவர் போன மாதம் இறந்துவிட்டார். வீட்டில் பேச ஆளில்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்." எழுதி, யோசிப்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.

அந்தப் பதிப்பு வெளிவந்தது. ஒருவரும் எழுதவில்லை. ஒரு வாரம் கடிதப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு வெட்கம் வந்தது. உலகத்தில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்து நினைத்துக் கூசினாள். அந்தக் கூச்சத்தோடுதான் மூன்று வருஷமாக மாமியார் மருமகள் என்று வேடிக்கையாக எழுதிக்கொண்டிருந்தாள். பொதுவில் இன்னொரு முறை எதையும் கேட்கக் கூடாது என்று இருந்ததும் அதனால்தான்.

இப்போது பார்த்தால் யாருமே அதைப் படிக்கவில்லை. யாரும் தாண்டிப் போகவில்லை. ஜீப்னி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. உலகம் கல்நெஞ்சு இல்லை, அதன் காதில் விழவில்லை, அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

மோலோ தேவாலயம் தெரிந்ததும்தான் மற்றது உறைத்தது. அவள் அனுப்புகிற எந்தக் குறிப்பும் தானாகத் தலாபாவுக்குள் போய் உட்காராது. ஒருவன் திறந்து, படித்து, சரிபார்த்துச் சேர்க்க வேண்டும். ஒருவன் படித்திருக்கிறான்.

இறங்கி, சதுக்கத்தில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எல்மருக்கு போன் போட்டாள். பத்து வருஷத்தில் அவர்கள் போனில் பேசியது மிகக் குறைவு. ரோடெல் இறந்தபோதுகூட அவன் தலாபா பெயரில் மலர்வளையம் அனுப்பி, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று தட்டி அனுப்பினான். மரியாதைக்குக் குறை வைக்கவில்லை.

"நாங்?" குரலில் பயம் தெரிந்தது. "என்ன ஆச்சு? போன்ல கூப்பிடுறீங்க."

"வெறுமையா திறந்து பாத்தேன், தோத்தோ."

அவன் பக்கத்தில் யாரோ கரோக்கே பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவது கேட்டது.

"எல்லாரும் எங்கிட்ட கேட்டாங்க, நாங். திறந்ததும் வெள்ளையா இருந்தா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு பதிப்புல அணைச்சேன். அதே வாரம் உங்க வீட்டுல இப்படி ஆயிடுச்சு. துக்க வீட்டுல போய் இதையா சொல்றது? ஒன்பது நாள் முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் நாப்பது. அப்புறம் வருஷம் திரும்பட்டும், கறுப்பு உடுப்பைக் கழட்டட்டும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பிக்கிட்டே இருந்தீங்க. இதையும் நிறுத்திட்டா அந்த நாள்ல என்ன பண்ணுவீங்கன்னு..."

"அதனால செவுத்தைப் பாத்துப் பேசட்டும்னு விட்டுட்ட."

"செவுரு இல்ல, நாங். நான் படிச்சேன். ஒண்ணு விடாம. நம்ம சட்டப்படி பாத்தா ஒரு ஆளு இருக்கேன். எடுக்க வேணாம். இருக்கட்டும்."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"எல்லாத்தையும்."

"மீட்கறதைப் பத்தி ஒண்ணு எழுதினேனே. அவரு போன அடுத்த மாசம்."

"படிச்சேன்."

"யாராக இருந்தாலும் எழுதுங்கன்னு கேட்டிருந்தேன். அத்தனை பேரும் படிச்சுட்டு வாயை மூடிக்கிட்டாங்கன்னு நெனச்சு மூணு வருஷம் கூனிக் குறுகிப் போனேன். ஒருத்தரும் படிக்கல. நீ ஒருத்தன் படிச்ச. நீ என்ன பண்ணின?"

"அது வந்து, நாங்..." என்று இழுத்தான் அவன். அவள் விடவில்லை.

"சொல்லு. என்ன பண்ணின?"

"ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்துச்சு. அதைப் போட்டுச் சேத்துட்டேன்."

லுதிவினாவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் எழுந்து நின்றுவிட்டாள், மடியில் இருந்த டப்பா தரையில் விழுந்தது. இத்தனை நாள் முகம் தெரியாத ஆயிரம் பேர்மேல் பங்கு போட்டு வைத்திருந்த கோபம் முழுவதும் இப்போது ஒரே ஆள்மேல் வந்து இறங்கியது. திட்ட வேண்டும் என்று வாயெடுத்தாள். நல்ல நல்ல வார்த்தைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல, நாங்" என்றான் அவன், அவள் ஆரம்பிப்பதற்குள். "எத்தனை தடவை தட்டித் தட்டி அழிச்சேன். என்ன போட்டாலும் சின்னதா இருந்துச்சு. ஒண்ணும் எழுதாம இருந்துட்டேன். நானும் இங்க தனியாளுதான். யாருக்கிட்டயும் பேசிப் பழக்கமில்ல."

தேவாலயத்துக்குள்ளிருந்து கல்யாணக் கூட்டம் ஒன்று வெளியே வந்தது. அரிசி தூவினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வேன்களில் ஏறிப் போனதும் லுதிவினா குனிந்து டப்பாவை எடுத்தாள்.

"குறிப்பை எடுத்துடு" என்றாள். "ஒரு ஆளு இருந்தா இருக்கட்டுங்கற சட்டமெல்லாம் எனக்கு வேணாம். எடுத்துட்டுப் பட்டியல்ல போடு. இந்தத் தடவை விட்டுடாம போடு."

"சரி, நாங்." பிறகு வெகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தட்டுகிறவன் மாதிரி கேட்டான். "நீங்க எப்படி இருக்கீங்க?"

போனை வைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வைத்திருந்தால் நியாயம் அவள் பக்கம்தான் இருந்திருக்கும். நியாயத்தோடு வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டிருக்கலாம். அவள் திரும்ப பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நல்லா இல்ல" என்றாள். டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். "சொல்லி முடிக்க நேரமாகும். வச்சுடாம இரு."